அன்னமும் எருமையும்: நன்னூலின் மாணாக்கர் இலக்கணம் குறித்து ஒரு மறுவாசிப்பு

உசிலம்பட்டியில் மின்மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தரும் சிறு கடையொன்று உண்டு. சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டு மோட்டார் எரிந்துபோக, அதனை அங்கே கொண்டு சென்றேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு எழுந்து ஸலாம் சொன்னார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் அரபி இலக்கணம் பயின்று, மூன்றாம் ஆண்டின் இடையிலேயே நின்றுவிட்ட மாணவர் அவர். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்தக் கனத்தில் கம்பி என்பதை ஏட்டைப் பாராமலே உதவியாளனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் புறப்படும் வேளையில் தயக்கத்துடன் ஒரு கேள்வி கேட்டார்.

"ஹஜ்ரத், மகனுக்குப் பதினோரு வயசாச்சு. மதரஸாவுல சேர்க்கலாம்னு ஆசை. ஆனா அவனும் என்னை மாதிரிதான். ஒரு தடவை சொன்னா ஏறாது, ரெண்டு மூணு தடவை சொல்லணும். அவனை வச்சுக்குவாங்களா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் கூறி வந்துவிட்டேன். அவர் படிப்பை விட்டதற்கு நானே காரணம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தொலைநிலைக் கல்வியில் தமிழ் முதுகலை படித்துக்கொண்டிருந்த காலம் அது. புதிதாகக் கற்ற நன்னூல் பாயிரத்தை வகுப்பில் எடுத்துரைப்பதில் எனக்குப் பெருமிதம் இருந்தது. மாணாக்கருக்கு அந்நூல் கூறும் உவமைகளை ஒருநாள் விளக்கி வருகையில், எருமை என்ற இடத்தில் என் பார்வை அவர்மீது நின்றது. வகுப்பு சிரித்தது. அன்று முதல் விடுதியில் அவருக்கு அதுவே பெயராயிற்று. சில வாரங்களில் அவர் ஊர் திரும்பிவிட்டார்.

ஒரு நூலின் உவமை ஒரு மனிதரின் வாழ்வில் இவ்வாறு வினைபுரியுமாயின், அந்நூலை மீண்டும் படித்துப் பார்ப்பது கடமையாகிறது. கற்போரிடையே உள்ள வேறுபாடுகளை நன்னூல் எவ்வாறு காண்கிறது? அதே வேறுபாடுகளை நம் இஸ்லாமியக் கல்வி மரபு எவ்வாறு கண்டது? இரண்டையும் கைக்கொண்ட நம்மைப் போன்ற ஆசிரியர்கள் எதை எடுத்துக்கொண்டோம், எதை விட்டுவிட்டோம்?

எட்டு உவமைகள்

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் விருப்பத்திற்கிணங்க இயற்றியது நன்னூல். அதன் 462 நூற்பாக்களுள் முதல் 55 பாயிரமாக அமைந்தவை. எழுத்தையும் சொல்லையும் ஆராயப் புகுமுன், நூல் எத்தகையது, கற்பிப்போன் யாவன், கற்பிக்கும் முறை யாது, கற்போன் யாவன், கற்கும் முறை யாது என ஒழுங்குபட வகுத்துரைக்கிறது அப்பகுதி. தமிழ்க் கல்வியியலின் முதன்மை ஆவணங்களுள் ஒன்றாக அதனைக் கொள்வதில் பிழையில்லை.

மாணாக்கரை அது தலை, இடை, கடை என மூன்று தரமாக்குகிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் போல நல்லதைத் தேர்ந்தெடுப்போரும், புல் நிறைந்த இடத்தில் வயிறார மேய்ந்து பின்னர் அசைபோடும் பசுவைப் போன்றோரும் தலை மாணாக்கர். உழவன் இடும் உழைப்புக்கேற்ப விளைவு தரும் மண் போன்றோரும், சொல்லிக்கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளி போன்றோரும் இடைப்பட்டோர். ஒழுகிப்போகும் ஓட்டைக் குடம், ஒரு செடியில் நில்லாமல் அங்கங்கே கடித்துத் திரியும் ஆடு, குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமை, நெய்யை விட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் நெய்யரி ஆகியவை கடை மாணாக்கருக்கு உவமை.

வகுப்பறையில் நெடுநாள் நின்ற எவரும் இவற்றின் கூர்மையை மறுக்க மாட்டார். கேட்டதனைத்தையும் குறித்துக்கொண்டு சாரத்தைத் தவறவிடும் நெய்யரி மாணவனை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். வேறுபாட்டைக் கண்டறிந்ததில் பவணந்தியாரின் நோக்கு நுட்பமானது. சிக்கல் உவமைகளின் இயல்பில்தான் இருக்கிறது. எட்டில் ஐந்து உயிரினங்கள், இரண்டு புழங்குபொருள்கள், ஒன்று மண். எருமை எத்தனை ஆண்டு பயின்றாலும் அன்னமாவதில்லை. நெய்யரி தானாகக் கிண்ணமாவதில்லை. பிறர் உழைப்பால் பயன் மாறக்கூடியதாக இவ்வெட்டில் வெளிப்படையாகக் கூறப்படுவது மண் ஒன்றே. மாணாக்கரின் நிலையை ஆசிரியரின் உழைப்போடு இணைத்துப் பேசும் ஒரே உவமை அதுதான். அதனை நடுத்தரத்தில் வைத்துவிட்டு, கடைத்தரம் முழுவதையும் மாறாத இயல்புகளால் நிரப்பிவிட்டது நன்னூல்.

உவமையோடு நின்றிருந்தால் அதனை இலக்கிய நயமென்று கொள்ளலாம். ஆனால் அதன் இருபுறமும் இரண்டு நூற்பாக்கள் வாயிற்காவலரைப் போல நிற்கின்றன. முன்னது நூலை யாருக்கு உரைக்கலாம் என்று கூறுவது. தன் மகன், தன் ஆசானின் மகன், மன்னன் மகன், பொருளை மிகுதியாகத் தருபவன், வழிபடுபவன், உரைத்ததைக் கொள்ளும் ஆற்றலுள்ளவன் ஆகியோர் அதில் இடம்பெறுகின்றனர். பின்னது யாருக்கு உரைக்கலாகாது என்று கூறுவது. கள்ளுண்டு களிப்போன், வஞ்சகன் முதலியோருடன் நோயாளியும் அறிவு மந்தமானவனும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளனர். குணக்கேடும் இயலாமையும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றன என்பதே இங்கு நம்மை உறுத்துவது. பிறப்பும் பொருளும் வாயிலைத் திறக்கின்றன. பிணியும் மந்தமும் அதனை அடைக்கின்றன.

நூலுக்கு நியாயம் செய்யவும் வேண்டும். ஓலைச்சுவடியும் ஆசானின் நாவுமே கல்விக்கு வழியாயிருந்த காலம் அது. இலக்கணப் புலமைக்குத் தகுதியான சிலரைத் தேர்வதே பாயிரத்தின் நோக்கம். எல்லாக் குழந்தைகளுக்கும் எழுத்தறிவிக்கும் பொறுப்பு அன்றைய ஆசானிடம் ஒப்படைக்கப்படவில்லை. அக்காலத்து அளவுகோலை இக்காலத்து வகுப்பில் எடுத்துவந்து மாணவன்மீது வைத்த பிழை என்னுடையது.

நாம் சொல்லாமல் விட்ட பாதி

அதைவிடப் பெரிய பிழை வேறொன்று. பாயிரத்தின் ஒரு பாதியைச் சொல்லி மறுபாதியை நான் மறைத்துவிட்டேன். ஆசிரியராகத் தகாதவருக்கும் நன்னூல் நான்கு உவமைகள் கூறுகிறது. இட்ட ஒழுங்கில் இன்றி முறைமாறிக் கொட்டும் கழற்காய்க் குடம், தானே பழத்தை உதிர்த்தாலன்றி ஏறிப் பறிக்க விடாத மடல் நிறைந்த பனை, அடைத்த பஞ்சைச் சிறிது சிறிதாகவே எடுக்கவிடும் பருத்திக் குண்டிகை, நீர் வார்த்தவனுக்கன்றி அயலானுக்குக் காய் தரும் வளைந்த தென்னை. மாணவனுக்கு ஓட்டைக் குடம் என்றால் ஆசிரியனுக்குக் கழற்குடம்; குடத்துக்குக் குடம் சரியாகப் போயிற்று. ஆனால் ஆசிரியர் அறையிலோ மேடையிலோ நாம் மேற்கோள் காட்டுவது எப்போதும் முதற்குடத்தை மட்டுமே.

பாடம் சொல்லும் முறையைக் கூறுமிடத்தில், விரைதலும் வெகுளலும் இன்றி முகமலர்ச்சியுடன், கொள்பவன் எவ்வகையில் கொள்வான் என்பதையறிந்து அவன் உள்ளம் ஏற்குமாறு கற்பிக்க வேண்டும் என்பது அந்நூலின் கட்டளை. கற்கும் முறையைக் கூறுமிடத்தில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஒரு நூலை இரண்டாம் முறை கேட்டால் பிழை நீங்கும். மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து உரைக்கும் திறன் வரும் என்பது அதன் கருத்து. புலமையில் ஆசானிடமிருந்து கிடைப்பது கால் பங்கே. உடன் பயில்வோருடன் பழகுவதால் ஒரு கால் பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் கணக்கிடுகிறது.

இரண்டு மூன்று முறை சொன்னால்தான் ஏறும் என்று தம் மகனைப் பற்றி மோட்டார் கடைக்காரர் குறையாகச் சொன்னார். நன்னூலின்படி அது குறையே அன்று, கல்வியின் பொதுவிதி. பாயிரத்தை முழுதும் படித்தவனாக இருந்தும் நான் அவருக்கு அதனைச் சொல்லியிருக்கவில்லை.

மழையும் நிலமும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் மண்ணை உவமையாக்கினார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவித்து ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் நபிமொழி அது. அல்லாஹ் தம்மை அனுப்பிய நேர்வழியும் கல்வியும் நிலத்தில் பொழியும் பெருமழை போன்றவை என்றார்கள். ஒரு நிலம் நீரை உறிஞ்சிப் பயிரை விளைவிக்கிறது. இன்னொரு நிலம் இறுகியது. விளைவிப்பதில்லை, ஆனால் நீரைத் தேக்கிவைத்து மக்கள் பருகவும் பாய்ச்சவும் உதவுகிறது. மூன்றாவது, நீரைத் தேக்காததும் விளைவிக்காததுமான பொட்டல்.

இரு உவமைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் இரண்டு செய்திகள் புலப்படும். முதலாவது, மழை நிலத்தைத் தேர்ந்தெடுத்துப் பெய்வதில்லை. மூன்று நிலத்தின்மீதும் பெய்கிறது. யாருக்கு உரைப்பது என்ற வாயிற்காவல் இங்கு இல்லை. இரண்டாவது, தானாக விளைவிக்காமல் தேக்கிவைக்க மட்டுமே தெரிந்த நிலத்துக்கும் இங்கு சிறப்பு உண்டு. பொருளின் நுட்பம் முழுதும் புலப்படாமலே குர்ஆனை மனத்தில் சுமக்கும் ஹாபிழ் சிறுவனைக் கிளி என்று இகழ்வோர் நம்மிடையே உண்டு. அவன் தேக்கிய நீரைப் பருகி விளையப்போகும் நிலம் வேறெங்கோ இருக்கலாம் என்பதை அந்நபிமொழி நினைவூட்டுகிறது. மூன்றாம் நிலத்தைக் குறித்த எச்சரிக்கை, நேர்வழியை ஏறிட்டும் பாராது புறக்கணித்தவனைப் பற்றியதென்று நபிமொழியே தெளிவாக்குகிறது. மெதுவாகக் கற்பவனுக்கு அதனைப் பொருத்துவது அநீதியாகும்.

ஓட்டைக் குடமென்று தம்மைத் தாமே முறையிட்டுக்கொண்ட மாணவர் ஒருவரும் நம் வரலாற்றில் உண்டு. தாங்கள் கூறுவனவற்றை நிறையக் கேட்கிறேன், ஆனால் மறந்துவிடுகிறேன் என்று நபியவர்களிடம் வந்து நின்றவர் அபூஹுரைரா (ரலி). அவர்கள் அவருக்குப் பெயர் சூட்டவில்லை. மேலாடையை விரிக்கச் சொல்லி, இரு கைகளாலும் அள்ளியிடுவது போல அதில் இட்டு, அணைத்துக்கொள்ளுமாறு கூறினார்கள். அதன்பின் எதையும் மறந்ததில்லை என்று அவரே அறிவிக்கிறார். அவர் வழியாக நமக்குக் கிடைத்த அறிவிப்புகள் 5,374 என்று கணக்கிடப்படுகின்றன. அது நபித்துவத்தின் அருள், நம்மால் இயலாதது. ஆனால் மறதியைச் சொல்லிவந்த மாணவனுக்கு முதலில் நினைவில் நிறுத்தும் வழியொன்றைக் காட்ட வேண்டும் என்ற முறைமை நம்மால் இயலக்கூடியதே.

பொருள் நனி கொடுப்போனுக்கு முன்னிடம் என்னும் கருத்துக்கு அபஸ அத்தியாயத்தை விடக் கடுமையான மறுப்பு வேறில்லை. குறைஷித் தலைவர்களுடன் பேசிக்கொண்டிருந்த வேளையில் கற்றுக்கொள்ள வந்தார் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). முகம் சுளிக்கப்பட்டதற்கு இறைவனின் கண்டனம் இறங்கியது. அந்த மாணவர் பின்னர் மதீனாவின் முஅத்தினாக விளங்கினார். நபியவர்கள் வெளியூர் சென்ற சமயங்கள் சிலவற்றில் மதீனாவின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

நம் ஏடுகளிலும் கறை உண்டு

இவ்வளவும் கூறி, குற்றமெல்லாம் தமிழ் மரபினுடையது, நிறைவெல்லாம் நம்முடையது என்று முடித்துவிடுவது நேர்மையாகாது. கல்வி தேடுதல் ஒவ்வொரு முஸ்லிம்மீதும் கடமை என்னும் நபிமொழியை நாம் பள்ளிச் சுவர்களில் எழுதி வைத்துள்ளோம். இப்னு மாஜாவில் அனஸ் (ரலி) வழியாக வரும் அறிவிப்பில் அதே வாக்கியத்தை அடுத்து, தகுதியற்றோருக்குக் கல்வி புகட்டுவது பன்றிகளுக்கு முத்தும் பொன்னும் அணிவிப்பது போன்றது என்னும் தொடரும் காணப்படுகிறது. முன்பகுதி பல வழிகளால் வலுப்பெறுவதென அறிஞர் பலர் ஏற்றனர். பின்பகுதி மிகப் பலவீனமானது. ஆயினும் நம் ஆசிரியர் பலரின் நடத்தையைத் தீர்மானித்தது பின்பகுதியே எனில் மிகையில்லை.

மதரஸாக்களில் நீண்டகாலமாக வழங்கிவரும் ஸர்னூஜீயின் 'தஃலீமுல் முதஅல்லிம்' மாணவனுக்கு ஏற்ற துறையை அனுபவமிக்க ஆசிரியரே அறிவார் என்கிறது. சான்றாக, இமாம் புகாரி (ரஹ்) முதலில் முஹம்மது இப்னுல் ஹஸனிடம் ஃபிக்ஹு பயின்றதாகவும், அவரது இயல்பைக் கண்டு ஹதீஸ் கலைக்குச் செல்லுமாறு ஆசிரியர் பணித்ததாகவும் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுகிறது. அவ்வாசிரியர் இமாம் ஷைபானீ (ரஹ்) எனக் கொண்டால் காலம் பொருந்தவில்லை. அவர் ஹிஜ்ரி 189இல் மறைந்தார். புகாரி பிறந்தது 194இல். நிகழ்ச்சி வரலாறாகாவிட்டாலும் அதன் கருத்து மதிப்புடையது. ஒரு துறையில் தேங்கியவனுக்கு வேறொரு துறை காட்டப்பட்டது, வெளிவாசல் காட்டப்படவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் ஆசிரியரின் கடமைகளைக் கூறுமிடத்தில் இன்னும் நுட்பமானதொரு செய்தியைச் சொல்கிறார். ஆற்றல் குறைந்த மாணவனுக்குத் தெளிவானதும் அவனுக்குத் தக்கதுமானதைக் கற்பிக்க வேண்டும்; உனக்குச் சொல்லாத நுட்பம் இதற்குப் பின்னால் இருக்கிறது என்று அவனிடம் கூறலாகாது, அது அவனது ஆர்வத்தைக் குலைத்து உள்ளத்தைக் கலக்கிவிடும் என்பது அவர் கருத்து. மாணவனின் அளவைக் கணிக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு; அந்தக் கணிப்பை அவன் முகத்தில் எறியும் உரிமை இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் மீறியது இதைத்தான்.

காலமே அளவுகோல்

இப்னு கல்தூன் (1332–1406) தம் 'முகத்திமா'வில் கற்பித்தலை மூன்று சுற்றாக வகுக்கிறார். முதற்சுற்றில் மாணவனின் அறிவையும் ஏற்கும் ஆயத்தத்தையும் கருதிக் கலையின் தலைமைச் செய்திகளை மட்டும் சுருக்கமாகக் கூறல். இரண்டாம் சுற்றில் விளக்கத்தையும் கருத்து வேறுபாடுகளையும் சேர்த்தல். மூன்றாம் சுற்றில் கடினமான எதையும் விடுபடாமல் தெளிவித்தல். சிலருக்கு மூன்றுக்குக் குறைந்த சுற்றிலேயே தேர்ச்சி கைகூடலாம் என்றும் குறிப்பிடுகிறார். தொடக்கத்திலேயே சிக்கலானவற்றைத் திணிக்கும் ஆசிரியர்களைச் சாடுகிறார். கடுமை காட்டுதல் மாணவனைச் சோம்பலுக்கும் பொய்க்கும் தள்ளும் என எச்சரிக்கிறார்.

பவணந்தியாரின் முக்காற் கேள்வியும் இப்னு கல்தூனின் மூன்று சுற்றும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. 1963இல் அமெரிக்கக் கல்வியியலாளர் ஜான் காரல் முன்வைத்த கோட்பாடும் இங்கேயே வந்து நிற்கிறது. ஒன்றைக் கற்றுத் தேர ஒருவருக்குத் தேவைப்படும் காலத்தின் அளவே கற்றல் திறன் என்றார் அவர். அவ்வாறாயின் மெதுவாகக் கற்பவன் வேறோர் இனத்தவனல்லன். அதே வழியில் கூடுதல் நேரம் நடப்பவன். எல்லோருக்கும் ஒரே காலத்தைக் கொடுத்தால் தேர்ச்சி வேறுபடும். தேர்ச்சி ஒன்றாக வேண்டுமெனில் காலம் வேறுபட இடந்தர வேண்டும்.

இந்த உண்மை நம் கல்லூரிகளில் ஒரே கூரையின்கீழ் இரண்டு விதமாக நடத்தப்படுகிறது. ஹிஃப்ழு பிரிவில் ஒவ்வொரு சிறுவனுக்கும் தனித்தனிப் பாடம். ஒருவன் நாளுக்கு ஒரு பக்கம் ஒப்பிக்கிறான்; மற்றவன் மூன்று வரி. உஸ்தாது இருவரிடமும் தனித்தனியே கேட்கிறார். முந்தியவன் பிந்தியவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். பிந்தியவனும் சில ஆண்டுகள் கூடுதலாக எடுத்துக்கொண்டு ஹாபிழாகிறான். அவனே கிதாபுப் பிரிவுக்கு வந்ததும், மீஸானும் காஃபியாவும் எல்லோருக்கும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிகின்றன. பின்தங்கியவன் கடை மாணாக்கன் எனப்படுகிறான்.

இன்றைய பெயர்ப்பலகைகள்

மனிதரை வகைப்படுத்திப் பெயரிடுவதன் விளைவை எங்கள் வட்டாரம் மறக்க முடியாது. தனிமனித வேறுபாடு எதனையும் பாராமல், ஒரு சமூகம் முழுவதையும் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று பதிவுசெய்தது ஆங்கிலேயரின் குற்றப் பரம்பரைச் சட்டம். மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. அதன் நிழலில் தொடங்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்தே இப்பகுதியில் ஆசிரியர்களும் அலுவலர்களும் உருவாயினர். திருத்த வேண்டியவர்கள் என்று பெயரிடப்பட்ட குழந்தைகள், கற்பிக்கப்பட்டபோது கற்றுக்கொண்டார்கள். பிழை பெயரில் இருந்தது.

இன்றைய பெயர்கள் மென்மையானவை. 2022-23இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புக் குழந்தைகளின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டது. எருமை அன்னமாகாது, அரும்பு மலராகும். உவமையைத் தேர்ந்ததிலேயே ஒரு கல்விக்கொள்கை அடங்கியிருக்கிறது. ஆயினும் ஆண்டு முழுதும் ஒரு குழந்தை அரும்புக் குழுவிலேயே அமர்த்தப்பட்டால் அப்பெயரும் நாளடைவில் வசையாகிவிடும்.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் எனப் பிரித்து அவரவர்க்கு அவ்வவ்வழியில் மட்டும் கற்பிக்க வேண்டுமென்று பயிற்சி முகாம்களில் கூறப்படுவதும் ஆய்வில் உறுதிப்பட்டதன்று. 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் கிடைத்த சான்றுகளைச் சீர்தூக்கி, அதற்குப் போதிய ஆதாரமில்லை என்று காட்டினர். இது பழைய உவமைப் பட்டியலின் புதிய பதிப்பே. மறுபுறம், மெய்யான வேறுபாட்டைக் காணாதிருப்பதும் அநீதி. எழுத்துகளைப் பிரித்தறிய இடர்ப்படும் கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டு உதவிக்கு வழிசெய்கிறது. நம் மதரஸாக்களில் அத்தகைய சிறுவனுக்கு இன்றும் கிடைப்பது பிரம்போ பட்டப்பெயரோதான். பெயரிடுவது உதவிக்கு வழி திறக்குமாயின் அது நோயறிதல். உதவியை மறுக்கப் பயன்படுமாயின் அது தீர்ப்பு.

கடைக்காரருக்கு விடை

விசாரித்துச் சொல்வதாகக் கூறிய நான் விசாரிக்க வேண்டியிருந்தது கல்லூரியையன்று, என்னையே. இலக்கண வகுப்பின் முதலாண்டுப் பாடத்தை இரண்டு வேகத்தில் நடத்தவும், முந்தியவர் பிந்தியவருக்கு எடுத்துரைக்க வாரத்தில் இரு மாலைகள் ஒதுக்கவும் எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். நன்னூலின் கணக்குப்படி எடுத்துரைப்பவனுக்கே அரைப்பங்கு ஆதாயம்; ஆகவே இதனால் தலை மாணாக்கருக்கு இழப்பொன்றுமில்லை. கூட்டத்தின் முடிவு இன்னும் வரவில்லை.

முடிவு எதுவாயினும் வரும் ஷவ்வாலில் அந்தச் சிறுவனுக்கு நான் தனியே பாடம் தொடங்குவதாகக் கடைக்குச் சென்று அவன் தந்தையிடம் சொன்னேன். பழைய பெயரைக் குறித்து மன்னிப்பும் கேட்டேன். அவர் சற்று நேரம் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, "அவன்கிட்ட அந்தக் கதையை மட்டும் சொல்லிராதீங்க ஹஜ்ரத்" என்றார்.